ஏழரையில் வந்தவளா? ஆமாம்!

தங்கச்சி, "ஏழரைல வந்தவளா நீ?" என்று நாளைக்குக் கல்லூரி விடுதி வராந்தாவில் ஒருத்தி கேட்பாள். தலையைக் குனியாதே. "ஆமா, அதுக்கென்ன இப்போ?" என்று கேள்.

ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம் என்று 2020-ல் சட்டம் வந்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் என அது விரிந்தது. வழக்குப் போட்டுப் பார்த்தார்கள். மருத்துவ இடங்களுக்கான சட்டம் செல்லும் என்று 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. யாரும் போட்ட பிச்சையில்லை இது. லட்சக்கணக்கில் கட்டி கோச்சிங் போனவனும், கடைசி டவுன் பஸ்ஸைப் பிடிக்க ஸ்பெஷல் கிளாஸைப் பாதியில் விட்டு ஓடிய நீயும் எழுதியது ஒரே கேள்வித்தாள். உன் மார்க்கோடு அந்த ஓட்டத்தையும் சேர்த்து எண்ணுகிற கணக்குதான் ஏழரை. அதற்குள்ளும் போட்டி உண்டு, அதிலும் ஜெயித்துத்தான் வரப்போகிறாய்.

ஆனால் எந்தத் தீர்ப்பும் எட்டாத இடம் உன் வீட்டுத் திண்ணை. அண்ணனுக்குக் கடன் வாங்கிக் கோயம்புத்தூரில் தனியார் கல்லூரி. அவனைவிட அதிக மார்க் எடுத்த உனக்கு, "பக்கத்து காலேஜே போதும், போயிட்டு வந்துடலாம்."

கலந்தாய்வுக்குக் கல்லூரிப் பட்டியல் போடுகிற நாளில் பிரவுசிங் சென்டரைப் போய்ப் பார். கம்ப்யூட்டர் முன்னால் கடைக்காரர். பக்கத்து ஸ்டூலில் மாமா. ஓடிபி வருவது அப்பாவின் போனுக்கு. பாஸ்வேர்டு இருப்பது கடைக்காரரின் கோடு போட்ட நோட்டில். மார்க் எடுத்தவள் மட்டும் வாசலில், செருப்புகளுக்குப் பக்கத்தில் நிற்கிறாள்!

உள்ளே போ. ஸ்டூலைக் கேட்டு வாங்கு. பட்டியலில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம், வரிசைதான் உயிர். கிண்டி பொறியியல் கல்லூரி வேண்டுமென்றால் கிண்டியை முதலில் போடு. பக்கத்து ஊர்க் கல்லூரி கீழே கிடக்கட்டும்.

காசுக்கு எங்கே போவது என்பார்கள். ஏழரையில் பொறியியல் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டும் அரசுடையது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வேறு. அது எங்கிருந்து வந்த பணம் தெரியுமா? மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் தாலிக்குத் தங்கம் கொடுத்துவந்த திட்டத்தைத்தான் 2022-ல் படிப்புக்குத் திருப்பினார்கள். அரசாங்கமே மனசு மாறிவிட்டது, உன் மாமா மாறமாட்டாரா?

புதுக்கோட்டையில் பையன்கள் படித்த கல்லூரியில் முத்துலட்சுமி ரெட்டியைச் சேர்க்கக் கூடாதென்று நூறு வருஷத்துக்கு முன்பே ஊரே குதித்தது. மன்னர் சம்மதித்ததால் சேர்ந்தார், 1912-ல் டாக்டரானார். அவருக்கு ஒரு ராஜாவின் தயவு தேவைப்பட்டது. உனக்கு யார் தயவும் வேண்டாம், கையில் சட்டமே இருக்கிறது.

சாதிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்துக்கு நீயே போ. அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றைத் தலைமை ஆசிரியரிடம் நீயே கேட்டு வாங்கு. அப்படியே அந்தப் பாஸ்வேர்டையும் இன்றைக்கே மாற்றிவிடு. புதியதை மாமா கேட்டாலும் சொல்லாதே.