எந்தக் கட்டிலின் அருகே?

செங்கற்பட்டுக்கு வடக்கே, பெருஞ்சாலையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர்ச் சாலை பிரிகின்ற சிங்கப்பெருமாள் கோவிலில் சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுதைக் கழிக்க நேர்ந்தது. நம்மிடம் முன்னர் ஓதிய மாணவர் ஒருவர் அவ்வூரில் குடியிருக்கிறார். அவருடைய மகள் நான்காண்டுச் செவிலியர் பட்டப்படிப்பை முடித்து, கவுன்சிலில் பதிவும் செய்துகொண்டு வீட்டில் இருக்கிறாள். மருத்துவமனை ஒன்று அவளை வேலைக்கு எடுத்துக்கொள்ள இசைந்து, எந்தப் பிரிவில் சேர விருப்பம் என்று கேட்டிருக்கிறது. விடை சொல்ல ஒரு வாரம் தவணை. அந்த ஒரு வாரத்திற்குள் வீடு மூன்று கட்சியாகிவிட்டது.

பிரசவ வார்டுதான் பெண் பிள்ளைக்குத் தகுந்தது என்பது தந்தையின் முடிவு. சவூதியில் இருக்கும் தாய்மாமன், ஐ.சி.யூ.வில் இரண்டாண்டு அனுபவம் இருந்தால் வெளிநாட்டு வேலை எளிதாகும் என்று தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். பெண்ணோ விபத்துச் சிகிச்சைப் பிரிவைக் கேட்கிறாள். “ஹஜ்ரத், நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்” என்று தேநீரைக் கையில் கொடுத்தபடியே தந்தை கேட்டார்.

நாம் சற்றும் யோசியாமல், பிரசவ வார்டே மேல் என்று சொல்லிவிட்டோம். அதற்குச் சான்றாக, இதே பெருஞ்சாலையில் தெற்கே உள்ள திண்டிவனத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியையும் எடுத்துரைத்தோம். 1890களின் தொடக்கம் அது. அமெரிக்கப் பாதிரி மருத்துவர் ஒருவரின் மகள் ஐடா ஸ்கடர், நோயுற்ற தாயைப் பார்க்க அங்கே வந்திருந்தார். மருத்துவம் படிக்கும் எண்ணமே அவருக்கு இல்லை. ஓர் இரவு மூன்று ஆடவர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றொருவர் உயர்சாதி இந்து. மூவர் வீட்டிலும் பிரசவ வேதனை. என் தந்தை மருத்துவர், அவரை அழைத்துப் போங்கள் என்று ஐடா சொன்னபோது, அந்நிய ஆடவர் வரக்கூடாது என்று மூவருமே மறுத்துத் திரும்பினார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா அமெரிக்கா சென்று 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900-இல் வேலூரில் பணி தொடங்கினார். அங்கே 1909-இல் செவிலியர் பயிற்சிப் பள்ளி நிறுவினார். இன்று உலகம் அறிந்த வேலூர் மருத்துவமனையின் வரலாறு அந்த இரவிலிருந்தே சொல்லப்படுகிறது. அம்மூவரில் ஒருவர் நம்மவர் என்பதை நாம் மறந்துவிடலாகாது. பெண்ணுக்குப் பெண்ணே வேண்டும் என்று கேட்கும் சமுதாயம், அப்பெண்ணைப் படிக்க வைத்து ஆயத்தமாக வைத்திருக்க வேண்டாமா? இப்படிப் பேசி முடித்தபோது, வழக்கை வென்றுவிட்டதாகவே நமக்குத் தோன்றியது.

அதுவரை வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பெண் மெல்லச் சொன்னாள்: “அந்த அம்மா ஆள் இல்லாத இடம் எது என்று பார்த்துத்தானே போனார்கள், ஹஜ்ரத்? இன்றைக்கு எங்கள் ஊரில் அந்த இடம் எது?”

நாம் வாயடைத்துப் போனோம். நாம் கொண்டுவந்த சாட்சியை அவள் தன் பக்கம் நிறுத்திக்கொண்டாள். தமிழ்நாட்டில் இன்று ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனைகளிலேயே நடக்கின்றன. ஆனால் அவ்வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தால் தெரியும் சாலை வேறொரு கதை சொல்கிறது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியபின், ஒரகடம் வரையில் தொழிற்சாலைகள் பெருகிவிட்டன. ஷிப்டு மாறும் வேளையில் பேருந்துகளும் கன்டெய்னர் லாரிகளும் இரு சக்கர வண்டிகளும் ஒரே சாலையில் முட்டி மோதுகின்றன. பிரஸ் இயந்திரத்தில் விரல் நசுங்கியவர், லாரிக்கடியில் சிக்கியவர், ஒடிஸாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, வலியைக்கூடத் தமிழில் சொல்லத் தெரியாமல் தவிப்பவர் — இவர்களெல்லாம் வந்து சேருமிடம் விபத்துச் சிகிச்சைப் பிரிவே. விபத்தில் சிக்கியவருக்கு முதல் நாற்பத்தெட்டு மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் இதே மாவட்டத்து மேல்மருவத்தூரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. பணத்தை அரசு தரலாம். கட்டிலருகே நிற்கும் ஆளைச் சமுதாயம்தான் தர வேண்டும்.

ஃபர்ளு கிஃபாயா என்பதை நாம் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறோம். ஊரில் சிலர் நிறைவேற்றினால் எல்லார் மீதும் கடமை நீங்கும். ஒருவருமே செய்யாவிடின் எல்லாரும் குற்றவாளிகள். ஜனாஸாத் தொழுகையை உதாரணம் காட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவது நம் வழக்கம். ஆனால் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில் காட்டும் உதாரணம் மருத்துவம். முஸ்லிம் மருத்துவர் ஒருவர்கூட இல்லாத ஊர்கள் பல இருக்க, எல்லாரும் சட்டக்கலை வாதங்களுக்கே முண்டியடிக்கிறார்களே என்று நொந்துகொள்கிறார்கள். பெயரும் பதவியும் எங்கே உண்டோ அங்கேதான் கூட்டம் என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. அந்த அடி நம்மைப் போன்ற மதரஸாக்காரர்களின் முதுகில் விழுந்தது என்பதால்தானோ என்னவோ, அப்பகுதியை நாம் விரைவாகக் கடந்துவிடுகிறோம்!

தந்தை விடவில்லை. “அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்களாயிற்றே?” என்றார். நியாயமான கவலைதான். இதற்கு விடை நம் ஏடுகளிலேயே இருக்கிறது. அகழ்ப்போரில் காயமுற்ற ஸஃது இப்னு முஆத் (ரலி) அவர்களைப் பராமரிக்க, மதீனாப் பள்ளிவாசலிலேயே கூடாரம் அமைத்திருந்த பெண்மணி ருஃபைதா (ரலி). படையுடன் சென்று தண்ணீர் கொடுத்ததையும், காயம்பட்டோரை மதீனாவுக்குக் கொண்டு சேர்த்ததையும் ருபைய்யிஃ (ரலி) அவர்களே அறிவித்த ஹதீஸ் புகாரியில் இடம்பெற்றிருக்கிறது. அந்தக் கூடாரத்தில் நடந்தது பிரசவம் பார்க்கும் வேலையன்று. விபத்துப் பிரிவின் வேலைதான். இதைச் சொன்னதும் தந்தை தலைகுனிந்து, பழைய மாணவராகிவிட்டார்.

இத்துடன் பெண்ணின் பக்கம் தீர்ப்பளித்து எழுந்திருக்கலாம். ஆனால் நம் மனத்தில் ஒரு முள் இருந்தது. மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்று ஒரு நபிமொழி உண்டு. ஆள் இல்லாத இடம் என்பதற்காக, அங்கே நிற்கத் தெரியாதவர் போய் நின்றால் அது கடமையாகுமா? விபத்துப் பிரிவில் நோயாளிகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வகைப்படுத்துகிறார்கள். உரக்க அலறுகிறவர் முதலில் கவனிக்க வேண்டியவராக இல்லாமல் போகலாம். மூலையில் சத்தமின்றிக் கிடப்பவர் உள்ளே இரத்தம் கசிந்து இறந்துகொண்டிருக்கலாம். அதைக் கண்டுகொள்ளும் கண் பட்டத்தோடு சேர்ந்து வருவதில்லை. பட்ரிஷியா பென்னர் என்ற அமெரிக்கச் செவிலியப் பேராசிரியை 1984-இல் எழுதிய நூலில், ஒரே வகைப் பணியில் இரண்டு மூன்றாண்டு நின்றபின்பே செவிலியர் தேர்ச்சி நிலையை எய்துகிறார் என்கிறார். அதுவரை புதியவர் விதிகளைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். பக்கத்தில் மூத்தவர் ஒருவர் வேண்டும்.

ஆகவே நாம் அவளிடம் சொன்னது இதுதான். எந்தப் பிரிவு என்று மருத்துவமனை உன்னைக் கேட்டிருக்கிறது. நீ அவர்களைத் திருப்பிக் கேள். புதிதாக வருபவளை எத்தனை மாதம் மூத்த செவிலியர் அருகில் வைத்துப் பழக்குவீர்கள்? இரவில் ஒரு செவிலியர் பொறுப்பில் எத்தனை நோயாளிகள்? நேர்மையான விடை கிடைத்தால் விபத்துப் பிரிவிலேயே சேர்ந்துவிடு. மழுப்பினால், ஓராண்டு பொது அறுவைச் சிகிச்சை வார்டில் கை பழகிவிட்டு அங்கே போ. அதில் இழிவொன்றும் இல்லை.

மாமனின் யோசனையை நாம் ஏளனம் செய்யவில்லை. படிப்புக்கு வாங்கிய கடன் அவ்வீட்டில் இன்னும் இருக்கிறது. கடனை அடைப்பதும் மார்க்கக் கடமைதான். சமுதாயம் முழுவதும் தட்டிக் கழித்த கடமையை இருபத்திரண்டு வயதுப் பெண்ணொருத்தியின் தலையில் மட்டும் ஏற்றி, “நீ தியாகம் செய்” என்று நாம் திண்ணையில் சாய்ந்திருந்து உபதேசிப்பது எவ்வளவு தூரம் நியாயம்? அக்கேள்விக்கு நம்மிடம் முழு விடை இல்லை. ஜமாஅத்து அந்தக் கடனில் பங்கேற்கலாமே என்று மட்டும் தந்தையிடம் சொன்னோம். அவர் கூச்சப்பட்டார்.

இஸ்திகாரா தொழுதாயா என்று பெண்ணைக் கேட்டோம். மூன்று இரவாகத் தொழுதும் கனவு ஒன்றும் வரவில்லை என்றாள். கனவு வரவேண்டும் என்று எந்த ஹதீஸிலும் இல்லை, அம்மா. விசாரித்து, ஆலோசித்து, தொழுதுவிட்டு, மனம் நிலைத்த காரியத்தில் இறங்க வேண்டியதுதான் என்றோம். அவள் முதன்முறையாகச் சிரித்தாள்.

விடைபெற்று எழுந்தபோது தந்தை பேருந்து நிறுத்தம்வரை உடன் வந்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. ஷிப்டுப் பேருந்து ஒன்று புழுதி கிளப்பிப் போனபின், “இரவு ஷிப்டு எத்தனை மணிக்கு முடியும் என்று அவளை விசாரிக்கச் சொல்ல வேண்டும், ஹஜ்ரத். நான் வண்டியுடன் வாசலில் நிற்கலாம்” என்றார்.