ஒன்பதரை மணி மெசேஜ்

இரவு ஒன்பதரை. குழந்தைக்குச் சோறு ஊட்டும் கைக்குப் பக்கத்தில் போன் ஒளிர்கிறது. ஆபீஸ் வாட்ஸ்அப் குழு: "அந்த ஃபைலைக் கொஞ்சம் அனுப்புறீங்களா?" பார்த்தால், மறுநாள் மத்தியானக் கூட்டத்துக்கானது. கேட்டவர் கெட்டவர் அல்ல. ஞாபகம் வந்தது, தட்டிவிட்டார். ஆனால் நீல டிக் விழுந்த பிறகு பதில் போடாமல் படுக்கப்போக எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? பாதிச் சோற்றில் எழுந்துபோய் லேப்டாப்பைத் திறப்பவர்கள்தான் அதிகம்.

பிரான்ஸில் 2017-லும் ஆஸ்திரேலியாவில் 2024-லும் இதற்குச் சட்டமே நடைமுறைக்கு வந்தது. ஆஸ்திரேலியாவில், மறுப்பது நியாயமற்றதாக இல்லாதவரை, வேலை நேரத்துக்கு வெளியே வரும் அழைப்புக்கு ஊழியர் பதில் சொல்ல வேண்டியதில்லை. நம் மக்களவையில் 2018-ல் எம்.பி. சுப்ரியா சுலே இதற்காகக் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை.

நேரத்தில் மட்டுமல்ல, பேச்சிலும் எல்லை உண்டு. புதிதாகக் கல்யாணமான பெண்ணிடம் "விசேஷம் ஏதும் உண்டா?" என்று ஆபீஸில் கேட்பது, எவ்வளவு பாசத்தோடு கேட்டாலும், அத்துமீறல்தான்.

மேலதிகாரியாக இருப்பவர்களே, ராத்திரி தோன்றுவதை ஒரு தாளில் குறித்து வையுங்கள். காலையில் ஊழியர் சீட்டில் வந்து உட்கார்ந்த பிறகு கேளுங்கள்.