தெளிவாகத் தெரிந்த பிறகு

அக்கா மகன் அயோவாவில் இருக்கிறான். நான் திண்டுக்கல்லில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். லென்ஸ் சம்பந்தமாக எது என்றாலும் அவனுக்கு நான்தான். "மாமா, மான் வேட்டைக்கு லைசென்ஸ் எடுத்திருக்கேன். ஷாட்கன்ல மாட்ட ஒரு ஸ்கோப் வாங்கணும். எதைப் பாத்து வாங்கட்டும்?" என்று கேட்டான்.

அந்தப் பக்கத்துச் சமவெளி மாநிலங்கள் பலவற்றில் மான் வேட்டைக்கு நெடுங்காலமாக ஷாட்கன்தான் வழக்கம். ரைஃபிள் தோட்டா வெகுதூரம் போகும். தட்டையான நிலத்தில் அடுத்த பண்ணைவீடு வரைக்கும் ஆபத்து. ஷாட்கன்னில் போடும் 'ஸ்லக்' என்பது ஒற்றை ஈயக் குண்டு. 12 போர் துப்பாக்கியில் அது சுமார் 28 கிராம் இருக்கும். அகலமாகவும் மழுங்கலாகவும் இருப்பதால் காற்றுத் தடையில் சீக்கிரம் வேகம் இழந்து விழுந்துவிடும்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். உருப்பெருக்கம் குறைவாக இருக்கட்டும். 32 மில்லிமீட்டர் லென்ஸை 4 மடங்குக்கு வைத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டம் 8 மில்லிமீட்டர். இருட்டில் நம் கண்மணி விரிவதே அதிகபட்சம் 7 மில்லிமீட்டர் அளவுக்குத்தான். மான் நடமாடும் அந்தி வெளிச்சத்துக்கு இது போதும். அதே லென்ஸில் 9 மடங்கு வைத்தால் வட்டம் சுருங்கி, படம் மங்கிவிடும். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நாலு அங்குலமாவது இடைவெளி வேண்டும். ஸ்லக் உதைக்கிற உதையில் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடும். கண் கொஞ்சம் விலகினால் குறியும் விலகும் இடமாறு பிழையை, ரைஃபிள் ஸ்கோப்களில் பெரும்பாலும் 100 கஜத்துக்குச் சரிசெய்திருப்பார்கள். ஷாட்கன்னுக்கு 50, 75 கஜத்துக்குச் செய்தது வேண்டும்.

எல்லாம் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "நல்ல ஸ்கோப் இருந்தா மான் கஷ்டப்படாது மாமா. ஒரே அடி."

இந்த வாக்கியம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. கருவி கூர்மையாக ஆக ஆக கொலையில் கருணை கூடுமா?

சட்டென்று ஒதுக்கிவிட முடியாத வாதம் அது. நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது; 1991 திருத்தத்தோடு விளையாட்டு வேட்டை முழுவதுமாக நின்றது. மானைச் சுட்டால் ஜெயில். ஆனால் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பயிர்ப் பாதுகாப்புக்கென்று ஒரு துப்பாக்கியைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது: வாய்வழியாக மருந்து இடித்துக் கெட்டிக்கும் துப்பாக்கி. ஸ்கோப் கிடையாது, குழலுக்குள் வரிகள் கிடையாது. கருமருந்தும் சில்லுக் குண்டுகளும் போட்டு இருட்டில் சலசலப்பைப் பார்த்துச் சுட்டால், மிருகம் செத்து விழுவதைவிடக் காயத்தோடு ஓடுவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். எங்கோ ஒரு புதரில் மூன்று நாள் கிடந்து சாகும். அதோடு ஒப்பிட்டால், என் மருமகனின் ஒற்றை அடி தர்மம்தான்.

ஆனால் பழங்கதைகள் இரண்டு குறுக்கே வந்து நிற்கின்றன. தசரதன் இருட்டில், ஓசையை மட்டும் கேட்டு அம்பு விட்டான். யானை தண்ணீர் குடிக்கிறது என்று நினைத்தான். குடத்தில் நீர் மொண்ட பிள்ளை செத்தான். அது பார்க்காமல் எய்த பாவம். ஸ்கோப் அதற்கு மருந்து. பாண்டு கதை வேறு. அவன் பகலில், கண்ணெதிரே, தெளிவாகப் பார்த்துத்தான் எய்தான். கூடியிருந்த மான் ஜோடி அது. மானுருவில் இருந்த கிந்தமர், வேட்டையாடியதற்காக அரசனைக் குறை சொல்லவில்லை. ஏன் காத்திருக்கவில்லை என்றுதான் கேட்டார். பாண்டுவுக்குப் பார்வையில் குறை எதுவும் இல்லை. பார்த்த பிறகும் கை நிற்கவில்லை. அதற்கு எந்தக் கடையிலும் லென்ஸ் கிடையாது.

சங்க அகப்பாட்டு மரபில் 'கெடுதி வினாதல்' என்று ஒரு துறை உண்டு. என் அம்பு பட்ட யானையோ மானோ இந்தப் பக்கம் வந்ததா என்று தலைவன் தினைப்புனத்துப் பெண்களிடம் கேட்பான். பேச்சுக் கொடுக்க அது ஒரு சாக்கு, அவ்வளவுதான். ஆனால் அடிபட்டுப் போன மிருகத்தைத் தேடிப் போவது வேடனின் கடமை என்று ஊரே நம்பியிருந்தால்தான் அந்தச் சாக்கு செல்லும். எய்தவன் பின்னாலேயே நடக்க வேண்டும்.

ஸ்கோப் கெடுக்கக்கூடிய இடமும் இதுதான். நல்ல கண்ணாடி, 60 கஜத்தில் நிச்சயமான அடியைத் தரும். கூடவே 150 கஜத்தில் நிற்பதையும் பக்கத்தில் நிற்பதுபோல் காட்டும். ஆனால் குண்டு மாறவில்லை. 50 கஜத்துக்குக் குறி வைத்த ஸ்லக், தூரம் போகப் போக அங்குலக் கணக்கில் இறங்கிக்கொண்டே போகும். கண்ணுக்குக் கிடைத்த தெளிவைக் கையின் திறமை என்று மனசு எடுத்துக்கொள்கிறது. கண்ணாடியால் கிடைத்த கருணையைத் தூரத்துக்குச் செலவழித்துவிட்டால், மிச்சம் இருப்பது பழைய காயம்தான்.

ஆகவே, கருணை கருவியில் இல்லை; விடாமல் விட்ட அடிகளில்தான் இருக்கிறது. நல்ல ஸ்கோப் வைத்திருப்பவன், அது இல்லாதவனைவிட அதிகம் தடவை துப்பாக்கியைத் தாழ்த்த வேண்டியவன். ஏனென்றால் "சரியாத் தெரியல" என்று சொல்ல அவனுக்கு வழியில்லை.

இதைச் சொல்ல உனக்கென்ன யோக்யதை என்று யாரும் கேட்கலாம். சீரகச் சம்பா பிரியாணிக்குப் பேர்போன ஊரில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டன் வாங்க வரிசையில் நிற்கும் நாங்கள் யாரும் ஆட்டின் கண்ணைப் பார்த்ததில்லை. மருமகனாவது நாலு மடங்கு பெரிதாகப் பார்த்துவிட்டுத்தான் கொல்கிறான். நியாயம்தான். வேடனைப் பழிப்பது எனக்கு ஆகாது. ஆனால் பார்க்காமல் தின்பவனின் குற்றம், பார்த்துக் கொல்பவனின் பொறுப்பைக் குறைக்காது. இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு.

இனி இது அமெரிக்கப் பிரச்சினை மட்டும் இல்லை. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. 1 கிலோமீட்டர் வரை சுடக் கூடாது. 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மக்காச்சோளத்தையும் கடலையையும் ராத்திரியோடு ராத்திரியாக இழந்த விவசாயிக்கு இந்த எல்லைக்கோடுகள் எரிச்சலாக இருக்கும். "பன்னிக்கு அளவுகோல் தெரியுமாங்க?" என்று கேட்பார். பன்றிக்குத் தெரியாது. தெரிய வேண்டியது துப்பாக்கி பிடிப்பவருக்கு. சுடலாம் என்று அனுமதி வந்த பிறகும், சுடாமல் நிற்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது என்பதையாவது அந்தக் கோடு சொல்கிறது. அந்த இடம் எது என்று காட்டும் வேலையை மட்டும் எந்த லென்ஸாலும் செய்ய முடியாது.