எத்தனை மார்க் வாங்கினீர்கள்?



வேத வினாடி வினா என்று அறிவித்தவுடனே சபையில் ஒரு பரபரப்பு உண்டாகிறதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். பிள்ளைகள் பஸ்ஸில் போகும்போதும் யாத்திராகமத்தைப் புரட்டுகிறார்கள். வாலிபர்கள் குழு குழுவாய்ப் பிரிந்து ஒருவரையொருவர் மடக்குகிறார்கள். மெத்தூசலா எத்தனை வருஷம் உயிரோடிருந்தான் என்று கேட்டு முடிக்கிறதற்குள்ளே "969!" என்று கடைசி பெஞ்சிலிருந்து சத்தம் வருகிறது. திருக்கழுக்குன்றத்தில் சில வருஷங்களாய்க் கேள்வித்தாள் எழுதுகிற வேலை என் கையில் இருக்கிறபடியால் இந்தச் சத்தம் எனக்குப் பிரியமானது. ஆனாலும் கேள்வி எழுதுகிறவனுக்குள்ளும் ஒரு கேள்வி உண்டு. வேதத்தை அறிந்திருக்கிறோமா என்று மார்க் போட்டுச் சோதிக்கலாமா? சோதித்தால் அந்த மார்க் நம்மைப்பற்றி எதைக் காட்டுகிறது?

இரண்டு பேர் சொன்னதை முதலில் எழுதுகிறேன். ஒரு சகோதரர், "பிரதர், இதெல்லாம் மண்டை அறிவு. எழுத்தைப் பிடிச்சுத் தொங்கினா உயிர் போயிடும்னு பவுலே எழுதியிருக்காரே. ஆவியானவர் இருக்கும்போது பரீட்சை எதுக்கு?" என்றார். ஒரு தாயார், "எங்க பையன் நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு ஐயா. ஆனா வீட்ல பாட்டிக்கு ஒரு டம்ளர் தண்ணி மொண்டு குடுக்க மாட்டேங்கிறான்" என்றார்கள். இருவருக்கும் பதில் தேடித்தான் இதை எழுதுகிறேன்.

அறியாமை ஆவிக்குரிய குணம் அல்ல

முதலாவது அந்தச் சகோதரருக்கு. தம்முடைய ஜனங்கள் அறிவில்லாமல் சங்காரமாகிறார்களே என்று ஓசியாவைக்கொண்டு தேவன் துக்கப்பட்டதை நாம் மறக்கக்கூடாது (ஓசியா 4:6). வனாந்தரத்தில் நடந்ததைப் பாருங்கள். பிசாசானவன் வேதத்தை மறுத்துக்கொண்டு வரவில்லை, வேதத்தைச் சொல்லிக்கொண்டே வந்தான். 91ஆம் சங்கீதத்தைச் சொன்னான். ஆனால் 11ஆம் வசனத்தில் நம்முடைய வழிகளைப்பற்றிச் சொல்லியிருக்கிற பகுதியை விட்டுவிட்டுச் சொன்னான் (மத்தேயு 4:6). முழு வசனமும் தெரிந்தவனுக்குத்தான் விடுபட்டது தெரியும். ஆண்டவரோ மூன்று தரமும் உபாகமத்திலிருந்தே பதில் கொடுத்தார்.

நாம் அறிந்திருப்பதாக நினைக்கிறவைகளிலும் வேதத்தில் இல்லாதவை எத்தனையோ உண்டு. சாஸ்திரிகள் மூன்று பேர் என்கிறோம்; மத்தேயு எண்ணிக்கை சொல்லவில்லை. ஏவாள் பறித்தது ஆப்பிள் என்கிறோம். ஆதியாகமம் கனி என்றுமட்டும் சொல்லுகிறது. பவுல் குதிரையிலிருந்து விழுந்தார் என்கிறோம். அப்போஸ்தலர் 9இல் குதிரையே இல்லை. பேழைக்குள் எல்லா மிருகமும் ஒரு ஜோடிதான் என்கிறோம். சுத்தமான மிருகங்களுக்கு எண்ணிக்கை வேறு என்று ஆதியாகமம் 7:2 சொல்லுகிறது. இப்படிப்பட்ட சின்ன விஷயத்திலேயே படத்தையும் நாடகத்தையும் பார்த்து நம்பினோமானால், பெரிய உபதேசத்தில் யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடமாட்டோமா?

இந்தப் புத்தகம் நம்முடைய கைக்குச் சும்மா வரவில்லை. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்தைக் கற்றார். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. இந்திய மொழிகளில் முதலாவது அச்சான புதிய ஏற்பாடு அதுவே. பழைய ஏற்பாட்டில் ரூத் வரைக்கும் மொழிபெயர்த்து, 1719இல் அவர் மரித்தார். முந்நூறு வருஷமாய் நம்முடைய சொந்தப் பாஷையில் இருக்கிற வேதத்தை நாம் படிக்காமல் வைத்திருந்தால் அது தாழ்மையல்ல, சோம்பல்.

எதைக் கேட்கிறோம்?

ஆகவே சோதிப்பது தவறல்ல. ஆனால் எதைச் சோதிக்கிறோம்? "இந்த அதிகாரத்தில் எத்தனை வசனம்?" என்று கேட்பது நமக்குப் பழக்கம். அதிகாரப் பிரிவுகளை மோசேயும் போடவில்லை, மத்தேயுவும் போடவில்லை. இப்போது நாம் பயன்படுத்துகிற அதிகாரங்கள் 13ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பேராயராயிருந்த ஸ்டீபன் லாங்டன் பிரித்தவை. புதிய ஏற்பாட்டின் வசன எண்களை 1551இல் ராபர்ட் எஸ்தியேன் என்கிற அச்சுக்காரர் போட்டார். வசனத்தைக் கண்டுபிடிக்க அவை நல்ல உதவி. ஆனால் அவைகளை எண்ணச் சொல்லும்போது அப்போஸ்தலன் எழுதினதை அல்ல, அச்சுக்காரர் செய்ததையே மனப்பாடம் பண்ணச் சொல்லுகிறோம்.

மிகச் சிறிய வசனம் எது என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் யோவான் 11:35 என்பார்கள். அது இங்கிலீஷ் வேதத்துக்கு எழுதின விடை. நம்முடைய தமிழ் வேதத்தில் அந்த வசனம் மூன்று வார்த்தை, 1 தெசலோனிக்கேயர் 5:16 இரண்டே வார்த்தை! அதைவிட, லாசரு எழுந்திருக்கப்போகிறான் என்று அறிந்திருந்தும் ஆண்டவர் ஏன் அழுதார் என்று கேட்டால், ஒரு பிள்ளை அந்த அதிகாரம் முழுவதையும் வாசித்தே தீரவேண்டும் அல்லவா?

எண்ணிக்கைக் கேள்வி எல்லாமே வீண் என்று சொல்லவில்லை. 119ஆம் சங்கீதத்தில் 176 வசனம். ஏன்? எபிரெய எழுத்துக்கள் 22. ஒவ்வொரு எழுத்துக்கும் எட்டு எட்டு வசனமாக அது பாடப்பட்டிருக்கிறது. நாம் சொன்னால், அகரத்திலிருந்து கடைசி எழுத்துவரைக்கும் கர்த்தருடைய வேதத்தையே பாடுவேன் என்று ஒருவன் உட்கார்ந்ததைப்போல. எண்ணுக்குப் பின்னாலே ஒரு இருதயம் இருக்கிறது. அதைக் காட்டுகிற கேள்வி நல்ல கேள்வி.

முழு மார்க் வாங்கினவர்கள்

இப்பொழுது அந்தத் தாயாரின் கேள்விக்கு வருவோம். வேதத்துக்குள்ளேயே ஒரு வினாடி வினா நடந்தது, கவனித்திருக்கிறீர்களா? கேட்டவன் ஏரோது ராஜா. கிறிஸ்து எங்கே பிறப்பார் என்பது கேள்வி. பிரதான ஆசாரியரும் வேதபாரகரும் புத்தகத்தைத் தேடி ஓடவில்லை. பெத்லகேம் என்றார்கள், மீகா தீர்க்கதரிசியின் வசனத்தையும் ஆதாரமாய்ச் சொன்னார்கள் (மத்தேயு 2:4-6). முழு மார்க். அதற்குப் பிறகு என்ன செய்தார்கள்? வீட்டுக்குப் போய்விட்டார்கள் போலிருக்கிறது! எருசலேமிலிருந்து பெத்லகேம் சுமார் 9 கிலோமீட்டர். நம்ம ஊரிலிருந்து செங்கல்பட்டு போகிற தூரம்கூட இல்லை. விடை தெரியாமல் வழி கேட்டு வந்த அந்நியர்கள் போய்ப் பணிந்துகொண்டார்கள். விடை சொன்னவர்களில் ஒருவராவது போனதாக எழுதியிருக்கவில்லை.

இன்னொரு பரீட்சை லூக்கா 10இல் இருக்கிறது. ஆண்டவரைச் சோதிக்க ஒரு நியாயசாஸ்திரி எழுந்தான். ஆண்டவரோ, நியாயப்பிரமாணத்தில் என்ன வாசிக்கிறாய் என்று அவனையே கேட்டார். தேவனிடத்தில் அன்பு, பிறனிடத்தில் அன்பு என்று அவன் பிசகில்லாமல் சொன்னான். சரியான விடை என்று ஆண்டவரே ஒத்துக்கொண்டு, இனி அப்படியே செய் என்றார். அங்கேதான் அவன் நெளிய ஆரம்பித்தான். பிறன் யார் என்று விளக்கம் கேட்டான். விளக்கமாக ஆண்டவர் அவனுக்குக் காட்டினது எரிகோ சாலையில் அடிபட்டுக் குற்றுயிராய்க் கிடந்த ஒரு மனுஷனை. அந்த வழியாய்ப் போன ஆசாரியனுக்கும் லேவியனுக்கும் வேதம் தெரியாதா? தெரியும். தெரிந்ததோடு விலகிப் போனார்கள்.

ஆகையால் அம்மா, உங்கள் மகன் வாங்கின 98 பொய்யல்ல. அது பரீட்சையின் முதல் பாதி. மற்ற பாதிக்குரிய கேள்வித்தாளைப் பாட்டி தாகமாயிருக்கும்போது கொடுக்கிறார்கள்.

கடைசி வரிசையில் இருக்கிறவர்கள்

இதைவிட என்னைப் பாரப்படுத்துகிற காரியம் ஒன்று உண்டு. நானறிந்த ஒரு சபையில் வயதான தாயார் ஒருவர் மழையானாலும் வெயிலானாலும் ஆராதனைக்கு வருவார்கள்; வினாடி வினா ஞாயிறன்று மட்டும் வரமாட்டார்கள். விசாரித்தபோது, "எனக்கு எழுத்து தெரியாது ஐயா. பேப்பர் குடுத்தா மடியில வெச்சிக்கிட்டு சும்மா உக்காந்திருக்கணும். பேரப்பிள்ளைங்க முன்னாடி வெட்கமா இருக்கு" என்றார்கள். ஆகாரைப்பற்றிச் சொல்லுங்கள் அம்மா என்றேன். "பிள்ளை சாவறதைப் பாக்க மனசில்லாம செடிக்குக் கீழ விட்டுட்டு எட்டப் போய் உக்காந்தா. தண்ணி எங்கேயும் போவலை ஐயா, கிணறு பக்கத்துலயேதான் இருந்திச்சு. கர்த்தர் அவ கண்ணைத்தான் தெறந்தாரு" என்றார்கள். ஆதியாகமம் 21ஐத் திறந்து பாருங்கள், அப்படியே இருக்கிறது. எந்தக் கேள்வித்தாளில் இதற்கு இடம் வைத்திருக்கிறோம்?

வாசிக்கத் தெரியாதவர்களை வெட்கப்படுத்துகிற பரீட்சை தேவனுடைய வீட்டுக்கு ஏற்றதல்ல. 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரத்தில் ராபர்ட் ரெய்க்ஸ் சண்டே ஸ்கூல் ஆரம்பித்தது எதற்காக? வாரமெல்லாம் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு ஓய்வு கிடைத்த ஒரே நாளில் எழுத்துக் கற்றுக்கொடுத்து வேதத்தை வாசிக்கவைக்கத்தான். முதலில் கற்றுக்கொடுத்தார்கள், பிறகுதான் கேள்வி கேட்டார்கள். நாமும் அந்த வரிசையை மாற்றக்கூடாது.

நல்ல பரீட்சை மறைந்திருக்கிறவர்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும். 1958இல் எருசலேமில் முதலாவது உலக வேத வினாடி வினா நடந்தது. பல தேசத்தாரும் கூடின அந்தப் போட்டியில் ஜெயித்தவர் ஆமோஸ் ஹகாம். பார்வையற்றோர் நிறுவனத்தில் சாதாரண வேலை செய்த ஏழை மனுஷர். பேச்சிலும் தடங்கல் உண்டு. தகப்பனார் வீட்டிலேயே கற்பித்த வேதம் அவருக்குள் நிறைந்திருந்தது ஊருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் பரிசோடு நின்றுவிடவில்லை. பிற்காலத்தில் ஏசாயா, யோபு, சங்கீதம் ஆகிய புத்தகங்களுக்கு விளக்கவுரை எழுதினார். அவருக்கு அந்த மார்க் முடிவாயிராமல் வாசலாயிருந்தது.

கல்லிலும் இருதயத்திலும்

எழுத்தைப்பற்றிப் பவுல் சொன்னதை அந்தச் சகோதரர் எடுத்துக்காட்டினார் அல்லவா? அந்த 2 கொரிந்தியர் 3ஆம் அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள். வேதம் படியாதே என்று பவுல் சொல்லவில்லை. கற்பலகையில் எழுதப்பட்டதையும் இருதயமாகிய பலகையில் ஆவியானவர் எழுதுகிறதையும் ஒப்பிட்டுப் பேசுகிறார்.

நம்ம ஊர் மலையில் ஒருகல் மண்டபத்தைப் பார்த்திருப்பீர்கள். 17ஆம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்தில் வியாபாரத்துக்காக இருந்த டச்சுக்காரர்கள் அங்கே வந்து தங்கள் பெயர்களைக் கல்லில் செதுக்கிவிட்டுப் போனார்கள். எழுத்து இன்றைக்கும் இருக்கிறது. அவர்கள் யார், யாரை நேசித்தார்கள், யாருக்கு உதவினார்கள் என்று அந்தக் கல்லைப் பார்த்துச் சொல்ல முடியுமா? மனப்பாடமும் அப்படித்தான். நினைவில் செதுக்கின வசனம் அழியாமல் இருக்கலாம். இருதயத்துக்குள் இறங்காவிட்டால் அது கல்லில் செதுக்கின பெயர்தான். அதற்காக நினைவில் வைக்காமலே இருந்தால், ஆவியானவர் நமக்கு எதை நினைப்பூட்டுவார்?

என்ன செய்யலாம்?

சபையாருக்கு என் தாழ்மையான யோசனைகள் இவை. பாதிக் கேள்விகளையாவது வேதத்தைத் திறந்துவைத்துப் பதில் தேடும்படி கேட்போம். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாய்மொழியாய்க் கேட்போம். பேரப்பிள்ளை வாசிக்க, பாட்டி பதில் சொல்லட்டும். தீமோத்தேயுவின் விசுவாசம் பாட்டி லோவிசாளிடத்திலும் தாய் ஐனிக்கேயாளிடத்திலும் தொடங்கினதல்லவா (2 தீமோத்தேயு 1:5)? முதல் இடம், கடைசி இடம் என்று பெயர் வாசிப்பதை விட்டுவிட்டு, பங்கெடுத்த எல்லாருக்கும் சின்னதாய் ஒன்று கொடுப்போம்.

உங்கள் வீட்டுக்கு ஒரு கேள்வி தருகிறேன். ஒரு காலத்தில் உச்சிவேளையில் மலைக்கு இரண்டு பறவைகள் வந்துபோன கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்ம ஊர்ப் பிள்ளைகள். லேவியராகமம் 11:13இல் புசிக்கக்கூடாத பறவைகளின் வரிசையில் கழுகு இருக்கிறது. உபாகமம் 32:11இல் தேவன் தம்முடைய ஜனத்தைச் சுமந்த விதத்துக்கு அதே கழுகு ஒப்புமையாயிருக்கிறது. பந்திக்கு ஆகாது என்று தள்ளினதைத் தேவன் தம்முடைய அன்புக்கு உவமையாக எடுத்திருக்கிறாரே, இதிலிருந்து நீங்கள் எதைக் கற்றுக்கொள்ளுகிறீர்கள்? இதற்கு அ, ஆ, இ, ஈ கிடையாது. இன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு டிவியை அணைத்துவிட்டுப் பேசுங்கள். பிள்ளைகள் சொல்லட்டும். பாட்டியும் சொல்லட்டும், அதற்கு முன்னே யாராவது எழுந்து அவர்களுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவாருங்கள்.

தமது வார்த்தையை நம்முடைய நினைவிலும் இருதயத்திலும் கைகளிலும் எழுதும்படி கர்த்தர் கிருபை செய்வாராக. ஆமென்.