கண்ணுக்குத் தெரியாத காயம்



பக்கவாதத்தில் விழுந்த தகப்பனார் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறார். கால் நடக்கிறது, கை எழும்புகிறது. "சர்வேசுரன் கிருபையால் சுகமாயிற்று" என்கிறோம். சில வாரங்களில் முறுமுறுப்பு ஆரம்பமாகிறது. சொன்னதை மறக்கிறார், தூண்டினாலன்றி எழுவதில்லை, தட்டில் பாதிச் சோற்றை மிச்சம் வைக்கிறார், காரணமின்றி அழுகிறார். "பிடிவாதம், சோம்பல்" என்று தீர்ப்பிட்டுவிடுகிறோம். இது நீதியான தீர்ப்பா?

மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபட்டாலும் வெடித்தாலும், சேதம் கைகாலோடு நிற்பதில்லை. கவனம், ஞாபகம், ஒரு வேலையைத் தொடங்கும் வல்லமை ஆகியவையும் பழுதாகலாம். மூளையின் வலப்பாகம் சேதமானவருக்குக் கண் நன்றாயிருந்தும் இடப்புறத்துப் பொருள்கள் கவனத்தில் படாமற் போவதுண்டு. அவர் தட்டின் இடப்புறச் சோறு மிஞ்சுவது வீம்பினாலல்ல. தட்டைத் திருப்பி வைத்துப் பாருங்கள்!

1861-ல் பிரான்சு தேசத்து வைத்தியர் போல் புரோக்கா, லெலோன் என்னும் முதியவரைப் பரிசோதித்தார். பக்கவாதத்திற்குப் பின் அவருக்கு மிஞ்சியவை ஐந்தாறு சொற்களே. எந்த எண்ணைக் கேட்டாலும் "மூன்று" என்ற ஒரே சொல்தான் வரும். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டபோதும் "மூன்று" என்றார். விரல்களோ நான்கைக் காட்டின. நாவை மட்டும் கேட்டவன் அவரைப் பொய்யர் என்பான், அல்லது புத்தி கெட்டவர் என்பான். விரலையும் பார்த்தவன் உண்மையை அறிந்தான்.

பாவத்துக்கு அறிவும் மனச்சம்மதமும் வேண்டுமென்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். அறிவிலேயே காயம்பட்டவர் மேல் குற்றம் சாட்டுவது எப்படி? காரணமின்றிப் பிறரைத் தீர்ப்பிடுவதை எட்டாம் கற்பனை விலக்குகிறது. ஆனால் "இவருக்கு ஒன்றும் தெரியாது" என்று குழந்தையைப்போல் ஒதுக்குவதும் அநீதியே. சர்வேசுரனுடைய சாயலான ஆத்துமம் அவரிடம் குறைவின்றி இருக்கிறது.

நம் பங்கில் வைத்தியராயும் நர்ஸாயும் உழைப்போருக்கு ஒரு வார்த்தை. ஒருவன் அறியக் கடமைப்பட்டதை அசட்டையால் அறியாதிருப்பது பாவமென்று அர்ச். தோமாஸ் அக்கினாஸ் போதிக்கிறார். நோயாளி நடந்தார், சிரித்துப் பேசினார் என்பதால் மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிடலாகாது. கடிகார முகம் வரையச் சொல்வது, சில சொற்களைச் சற்றுப் பொறுத்துத் திரும்பக் கேட்பது முதலிய சிறு பரிசோதனைகள் உண்டு. பத்து நிமிஷமே ஆகும். அதில் தெரிவதை வீட்டாருக்கும் விளக்கிச் சொல்லுங்கள்.

வீட்டாரே, நீங்களும் வாய் திறவுங்கள். "அப்பா முன்போல் இல்லை, இன்னின்ன மாறியிருக்கிறது" என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். வீட்டில் ஒரு நேரத்தில் ஒன்றே சொல்லுங்கள்; பதிலுக்குக் காத்திருங்கள்; அவர் களைத்தால் ஓயவிடுங்கள். ஜெபமாலையில் மந்திரம் தவறினால் திருத்தி அவமானப்படுத்தாமல், கூடச் சேர்ந்து சொல்லுங்கள்.

காலின் முடத்துக்குக் கோல் கொடுக்கிறோம். அறிவின் முடத்துக்கு நம் பொறுமையே கோல். அதைக் கொடுக்க மறுப்பவன் பிறர்சிநேகம் உள்ளவனாவானா?