கோயிலுக்கும் கடைவீதிக்கும் நடுவே

திருவனந்தபுரத்தில் அருள்மிகு பத்மநாப சுவாமி ஆலயத்திற்கும் சாலைக் கடைத்தெருவிற்கும் இடையே உள்ள தொலைவு மிகக் குறைவு. ஒருபுறம், நம்மாழ்வார் பாடிப் பரவிய திருத்தலம். அரவணையில் பள்ளிகொண்ட பெருமாள் மூன்று வாயில்களின் வழியே திருமுகமும் திருநாபியும் திருவடிகளுமாகக் காட்சி தருகிறார். கிழக்குக் கோட்டை வாயிலைக் கடந்து சற்று நடந்தால், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திவான் ராஜா கேசவதாஸ் அமைத்த சாலைக் கடைத்தெரு. துணி, பாத்திரம், மசாலை, பூ என்று மனிதனுக்கு வேண்டிய அனைத்தும் அங்கே குவிந்து கிடக்கின்றன. வேண்டாதவையும் சில உண்டு.

ஆலயத்தினுள் செல்லும் ஆடவர் மேலாடையைக் களைந்து வேட்டியுடன் மட்டுமே செல்ல வேண்டும். கைப்பேசிக்கு உள்ளே அனுமதியில்லை. எனவே சட்டைப்பை இல்லாத மனிதனாகவே ஒருவன் இறைவன் முன் நிற்கிறான். அந்தச் சிறிது நேரம் அவனை எவரும் எதையும் வாங்கும்படி அழைப்பதில்லை. அவனுக்கும் எதுவும் குறைவதாகத் தோன்றுவதில்லை. வெளியே வந்து சட்டையை அணிந்து கைப்பேசியைப் பெற்றவுடன் குறைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகின்றன. அரைமணி நேரத்திற்கு முன்பு இல்லாத குறை இப்போது எங்கிருந்து வந்தது? சாதகன் முதலில் ஆராய வேண்டிய கேள்வி இதுவே.

ஒரு கணத்தின் வலிமை

கழக்கூட்டத்தை அடுத்து 1990-இல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க்கில் இன்று பல்லாயிரம் இளைஞர்கள் பணியாற்றுகின்றனர். அவர்களுள் முப்பத்திரண்டு வயதுடைய ஒருவரை எடுத்துக்காட்டாக எண்ணிப் பார்க்கலாம். நாற்பத்தைந்து வயதில் வேலையிலிருந்து விலகி, முதிய பெற்றோரைப் பேணி, நல்ல நூல்களைக் கற்று, இயன்ற தொண்டு செய்து வாழ வேண்டும் என்பது அவரது விருப்பம். உயர்ந்த விருப்பமே. ஒவ்வொரு மாதமும் முதல் நாளில், இம்மாதம் நிச்சயம் சேமிப்பேன் என்று உறுதி கொள்கிறார். ஆயினும் இரவு பத்து மணிக்குக் களைப்புடன் கைப்பேசியைத் திறக்கும்போது அந்த உறுதி எங்கோ போய்விடுகிறது. முன்பு பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது கை சற்றுத் தயங்கும். 2016-இல் யுபிஐ வந்தபின், பணம் கையைவிட்டுப் போவதைக் கண் காண்பதேயில்லை. மூன்றாம் நாள் பொட்டலம் வாசலுக்கு வரும்போது, எதற்காக இதை வாங்கினோம் என்ற வியப்பே மிஞ்சுகிறது.

பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயம் இந்த வீழ்ச்சியைப் படிப்படியாகக் காட்டுகிறது. பொருளை இடைவிடாது எண்ணுவதால் பற்று, பற்றிலிருந்து ஆசை, ஆசையிலிருந்து சினம், அதிலிருந்து மயக்கம், பின்னர் நினைவழிவு, இறுதியில் அறிவின் நாசம் என்பது அதன் வரிசை. இதில் இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, வீழ்ச்சி வாங்கும்போது தொடங்குவதில்லை, எண்ணும்போதே தொடங்கிவிடுகிறது. வணிகர் இதை நன்கு அறிவர். வாங்காவிட்டாலும் பார்த்துவிட்டுச் செல்லுங்கள் என்று அவர்கள் அழைப்பது அதனால்தான். இரண்டாவது, நினைவழிவு. காலையில் கொண்ட உறுதி இரவில் மறந்துபோவதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேறில்லை. ஆகவே ஆசை முற்றிய பின் அதனுடன் போராடுவதைவிட, முதற்படியில் கண்ணைத் திருப்பிக்கொள்வது எளிது. வேலையில்லாத நேரத்தில் கடைத்தெருவில் உலாவாதிருப்பதும், கைப்பேசியில் கடைகளைத் திறவாதிருப்பதும் புலனடக்கத்தின் இன்றைய வடிவங்கள்.

கணக்கு கூறும் உண்மை

மாதம் 80,000 ரூபாய் ஈட்டும் ஒருவர் 60,000 ரூபாயைச் செலவிட்டு 20,000 ரூபாயைச் சேமிக்கிறார் என்று கொள்ளலாம். ஆண்டிற்கு அவர் சேர்ப்பது 2,40,000 ரூபாய். அது அவருடைய நான்கு மாத வாழ்க்கைச் செலவுக்குப் போதும். அதே மனிதர் செலவில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்து 48,000 ரூபாயில் வாழப் பழகினால், சேமிப்பு 32,000 ரூபாயாகிறது. ஆண்டிற்கு 3,84,000 ரூபாய். அது இப்போது எட்டு மாதச் செலவுக்குப் போதும். வருமானம் ஒரு ரூபாய்கூட உயரவில்லை. எனினும் ஓராண்டு உழைப்பு ஈட்டித்தரும் சுதந்திரம் இரட்டிப்பாகிவிட்டது. ஆசையைக் குறைப்பது சேமிப்பைப் பெருக்குகிறது. அதே சமயம் பிற்காலத்தின் தேவையையும் சுருக்குகிறது. வருமானம் உயர்வதால் மட்டும் இந்த இரட்டைப் பயன் கிடைப்பதில்லை. வருமானத்தோடு ஆசையும் உயர்ந்தால், ஓய்வு என்னும் கரை விலகிக்கொண்டே போகும். திருக்குறளில் ‘அவா அறுத்தல்’ துறவியருக்குரிய அதிகாரமாகவும், வரவறிந்து வாழ்வதைக் கூறும் ‘வலியறிதல்’ அரசனுக்குரிய அதிகாரமாகவும் அமைந்திருக்கின்றன. இல்லறத்தானுக்கு இரண்டும் தேவை.

உலகியல் விவேகத்தையும் ஒதுக்கலாகாது. நாற்பத்தைந்தில் ஓய்வு பெறுபவர் மேலும் நாற்பது ஆண்டுகள் விலைவாசி உயர்வைத் தாங்க வேண்டியிருக்கும். நோய்க்கான காப்பீடும், சில மாதச் செலவுக்கான கைப்பணமும் முதலில் வேண்டும். பொது வருங்கால வைப்பு நிதி 15 ஆண்டுத் திட்டம். 2009 முதல் அனைவருக்கும் திறக்கப்பட்ட தேசிய ஓய்வூதியத் திட்டத்திலும் நினைத்தபோது முழுப் பணத்தையும் எடுத்துவிட முடியாது. எந்தப் பணம் எப்போது கைக்கு வரும் என்பதை அறியாமல் வேலையை விடுவது வைராக்கியமன்று. அதுவும் ஒரு கணச் சபலமே.

இது தேவையா?

தேவையையும் சபலத்தையும் பிரித்தறிவது எப்படி? காத்திருப்பதே சிறந்த சோதனை. பசி காத்திருந்தால் வளரும். சபலம் காத்திருந்தால் தேயும். விரும்பிய பொருளின் பெயரையும் அன்றைய தேதியையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்து, முப்பது நாள் கழித்து எடுத்துப் பார்த்தால், பலவற்றை ஏன் எழுதினோம் என்பதே விளங்காது. மற்றொரு வழி, விலையை உழைப்பு நேரமாக மாற்றிப் பார்ப்பது. மாதம் 200 மணி நேரம் உழைத்து 80,000 ரூபாய் பெறுபவருக்கு ஒரு மணி நேரத்தின் மதிப்பு 400 ரூபாய். 6,000 ரூபாய்ப் பொருளுக்கு அவர் கொடுப்பது தம் ஆயுளில் பதினைந்து மணி நேரம். அந்த நேரத்தைத் தந்தையின் அருகில் அமர்ந்து கழித்திருக்கலாம் என்று தோன்றுமானால், விடையும் அப்போதே கிடைத்துவிடுகிறது.

இவ்வினாவை வாழ்நாள் முழுதும் கேட்ட ஒருவர் திருவனந்தபுரத்தில் வாழ்ந்தார். இங்கிலாந்தில் 1917-இல் பிறந்து, இந்தியாவையே தாயகமாகக் கொண்ட கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் அவர். வீடு கட்டும் பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவிலேயே கிடைப்பவையாக இருக்க வேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்து அவரை ஆழமாகத் தொட்டது. சுவருக்குப் பூச்சு தேவையா, ஒவ்வொரு சாளரத்திற்கும் மரச்சட்டம் தேவையா என்று அவர் ஆராய்ந்தார். செங்கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் முறையால் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாயிற்று. வெயிலின் வெப்பமும் உள்ளே இறங்குவது குறைந்தது. உள்ளூரில் அவர் அமைத்த வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்களைக் காண்பவர், வறுமையை அன்று, அழகையே காண்கின்றனர். வேண்டாததை நீக்கினால் வாழ்வு வெறுமையாகிவிடும் என்ற அச்சத்திற்கு அக்கட்டடங்கள் விடை கூறுகின்றன. 2007-இல் மறைந்த அவருக்கு வேலையிலிருந்து விரைவில் தப்பிவிட வேண்டும் என்ற எண்ணம் எழவில்லை. பணி அவருக்கு வழிபாடாகவே இருந்தது.

தனிமனிதனின் சபலம் போலவே சமுதாயத்திற்கும் சபலம் உண்டு. ஊர் என்ன சொல்லும் என்பதற்காகச் செய்யும் செலவே அது. பத்தாண்டுச் சேமிப்பு ஒரே திருமண நாளில் கரைவதைப் பல குடும்பங்கள் கண்டிருக்கின்றன. திருவனந்தபுரத்தை அடுத்த செம்பழந்தியில் அவதரித்த ஸ்ரீ நாராயண குரு, ஆடம்பரச் சடங்குகளை விட்டொழிக்குமாறு தம் மக்களுக்கு உபதேசித்தார். திருமணத்தில் பத்துப் பேர் இருந்தாலே போதும் என்பது அவரது அறிவுரை. ஆன்மிக உபதேசம் செய்த மகான் வீட்டுச் செலவைப் பற்றியும் பேசினார். கடன்பட்ட நெஞ்சில் தியானம் நிலைப்பதில்லை என்பதை அவர் அறியாதவரா?

மறுபக்கத்துப் பள்ளம்

செலவைக் கட்டுப்படுத்தத் தொடங்குபவர் மற்றொரு பள்ளத்தில் விழுவதும் உண்டு. சேமிப்புக் கணக்கை நாள்தோறும் பார்த்துப் பார்த்து, அந்த எண்ணையே அவர் தியானிக்கத் தொடங்குகிறார். ஓணத்திற்கு ஒரு புடவை வேண்டுமென்று தாய் கேட்டால், ஓய்வு எத்தனை நாள் தள்ளிப்போகும் என்று கணக்கிடுகிறார். மனைவியின் சிறு விருப்பமும் குற்றமாகத் தெரிகிறது. காணம் விற்றாவது ஓணம் உண்ண வேண்டும் என்பது மலையாள நாட்டுப் பழமொழி. அது ஊதாரித்தனத்தைப் போற்றுவதன்று. சுற்றத்தோடு கூடி உண்ணும் ஒருநாள் மகிழ்ச்சியைச் சொத்தைவிட மேலாக மதித்தவர்களின் சொல் அது. பொருளை வாங்கிக் குவிப்பவனும் பணத்தை எண்ணிக் குவிப்பவனும் ஒரே ஆசைக்கு அடிமைகளே. ஆகவே சேமிப்பைத் தொடங்கும் நாளிலேயே தானத்திற்கும் ஒரு பங்கை, அது மிகச் சிறியதாயினும், ஒதுக்க வேண்டும். கொடுக்கப் பழகிய கை சேமிக்கும்போதும் இறுகுவதில்லை. குடும்பத்தாருக்குக் கட்டளையிடாமல், அவர்களுடன் கலந்து பேசித் திட்டமிடுவதும் அவசியம். தன் சுதந்திரத்திற்காகப் பிறரை வாடவிடுவது தருமம் ஆகாது.

உடைமையிலிருந்து ஓய்வு

1750 ஜனவரியில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா தம் நாடு முழுவதையும் பத்மநாபனின் திருவடிகளில் சமர்ப்பித்தார். திருப்படிதானம் என்று வரலாறு அதனைக் குறிக்கிறது. அதன் பின் அவரும் அவர் வழிவந்தோரும் பத்மநாபதாசர் என்றே அழைக்கப்பட்டனர். அச்செயலுக்கு அரசியல் காரணங்களும் உண்டு என வரலாற்றறிஞர் கூறுவர். எனினும் அதில் பொதிந்துள்ள தத்துவம் சிந்திக்கத்தக்கது. சமர்ப்பணத்திற்குப் பின் மன்னர் காட்டுக்குச் செல்லவில்லை. 1758-இல் மறையும்வரை அரசுப் பொறுப்பைச் சுமந்தார். அவர் துறந்தது வேலையை அன்று, எனது என்னும் எண்ணத்தை. கருவறைக்கு முன்னுள்ள ஒற்றைக்கல் மண்டபத்தில் வீழ்ந்து வணங்குவோர் இறைவனின் உடைமையாகிவிடுவர் என்பது மரபு. 2011-இல் நீதிமன்ற ஆணைப்படி நிலவறைகள் திறக்கப்பட்டபோது உலகம் வியந்தது. காணிக்கைகள் அத்தனை காலம் அங்கே நிலைத்திருந்ததற்கு, காத்தவர்கள் தம்மை உரிமையாளர் என்று கருதாததும் ஒரு காரணம் அன்றோ?

நாற்பத்தைந்தில் கிடைக்குமோ ஐம்பதில் கிடைக்குமோ என்று ஏங்கும் ஓய்வின் ஒரு பகுதி இன்றே கிடைக்கக்கூடியது. ஈட்டுவது என் கடமை, காப்பது என் பொறுப்பு, உடைமையோ இறைவனுடையது என்று எண்ணும் கணத்திலேயே மனத்தின் பாதிச் சுமை இறங்கிவிடுகிறது. அவ்வாறு எண்ணாதவன் வேலையை விட்டாலும் அவன் மனம் வேலையை விடாது; காலியான நாள்களை நிரப்ப மீண்டும் கடைத்தெருவையே நாடும்.

ஆலயத்தை விட்டு வெளியே வருபவன் சட்டையை மீண்டும் அணிகிறான். பணப்பையும் கைப்பேசியும் அவனிடம் திரும்புகின்றன. எதிரே சாலைக் கடைத்தெரு திறந்தே இருக்கிறது. அவன் அங்கே செல்லலாம். தாய் சொல்லியனுப்பிய பொருள்களை வாங்கலாம். வழியில் இரப்பவருக்குக் கொடுக்கலாம். கையிலுள்ள பை யாருடையது என்பது நினைவிருந்தால் போதும். அந்த நினைவே அவனைக் காக்கும்.