பாலூட்டும் தாயும் மனநோய் மருந்தும்



பிள்ளை பிறந்து வீடே மகிழ்ந்திருக்கும் வேளையில், பெற்றவள் மட்டும் காரணமின்றி அழுகிறாள், தூக்கமில்லை, பிள்ளையைத் தூக்கவும் மனமில்லை. நம் மேலப்பாளையத்திலும் பேட்டையிலும் இதை ஈமான் குறைவு என்பாரும், ஜின் பார்வை என்பாரும் உண்டு. இரண்டுமன்று, இது மனச்சோர்வு என்னும் நோய். நோய்க்கு மருந்து தேடுவது நாயகம் (ஸல்) அவர்கள் காட்டித் தந்த வழி. துஆவும் ஓதுவோம், மாத்திரையும் கொடுப்போம்.

மாத்திரை வந்ததும் வீட்டில் அடுத்த பேச்சு எழுகிறது: "பாலில் மருந்து இறங்கும், மாத்திரையை நிறுத்து, இல்லையேல் பாலை நிறுத்து!" இரண்டும் அவசர முடிவே.

பாலில் கலக்கும் அளவு மருந்துக்கு மருந்து வேறுபடும். மனச்சோர்வுக்குத் தரும் செர்ட்ராலின் மிகச் சொற்பமாகவே பாலில் சேர்கிறது. ஆதலால் பாலூட்டுவோருக்கு டாக்டர்கள் பெரும்பாலும் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். லித்தியம் அப்படியன்று, கூடுதலாக இறங்கும். அதைச் சாப்பிடும் தாய் பாலூட்டினால் பிள்ளையின் இரத்தத்தையும் சோதிக்க வேண்டும். ஆகவே தீர்மானிக்க வேண்டியவர் டாக்டரே. பக்கத்து வீட்டார் அல்லர். தானாக மருந்தை நிறுத்தினால் நோய் கடுமையாகத் திரும்பக்கூடும். பிள்ளை அளவுமீறித் தூங்கினாலோ, பால் குடிக்கச் சோம்பினாலோ, எடை ஏறாவிட்டாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

திருமறையின் அல்பகரா அத்தியாயம் 233ஆம் வசனத்தைச் சிந்தியுங்கள். பாலூட்ட இரண்டாண்டு என்று கூறும் அதே வசனம், பிள்ளையின் பொருட்டுத் தாய் துன்புறுத்தப்படலாகாது என்றும் விதிக்கிறது. பெற்றோர் கலந்து பேசிப் பால் மறக்கடிப்பதில் குற்றமில்லை என்கிறது. எனவே டாக்டர் பாலை நிறுத்தச் சொன்னால், அவளைப் பாவியாக்க நமக்கு உரிமையில்லை.

பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 2009 முதல் தாயையும் சேயையும் பிரிக்காமல் சேர்த்தே வைத்து மனநோய்க்குச் சிகிச்சை தருகிறார்கள். நமக்கு அருகில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம். சாவைப் பற்றியோ பிள்ளைக்குத் தீங்கு செய்வதைப் பற்றியோ அவள் பேசினால், அவளைத் தனியே விடாமல் அன்றிரவே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கணவன் வளைகுடாவில் இருந்தால் பொறுப்பு குடும்பத்தாருடையது. இரவில் பிள்ளையை ஏந்திக்கொண்டு, அவளைச் சற்றுத் தூங்க விடுங்கள். மாத்திரை உண்பது வெட்கமன்று. ஒரு தாயைத் தனியே தவிக்க விடுவதே வெட்கம்.

வல்ல அல்லாஹ் நம் தாய்மார்களுக்கு ஷிஃபாவையும், நமக்கு இரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.